சீசனுக்கு வீல் மாத்துறப்ப டயர் பிரஷர் சென்சார்: தனி செட்டா, க்ளோனா, இல்ல லைட் எரிஞ்சா எரியட்டுமா?

விண்டர் டயருக்குன்னு, அதாவது குளிர்லயும் பனிலயும் ஓட்டுற டயருக்குன்னு, தனியா நாலு ரிம் வாங்கப் போறேன், அதுக்குள்ள பிரஷர் சென்சார் போடணுமா வேணாமான்னு குளிர் தொடங்குறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் என்கிட்ட கேட்டுடுவாங்க. டயர் கடைல கேட்டா போட்டே ஆகணும்ங்கிறாங்க, கூட வேலை பாக்குறவர கேட்டா அட டேஷ்போர்ட்ல எரியுற ஒரு மஞ்ச வார்னிங் லைட்டுக்காக நாலு சென்சார் வாங்குவியா, கண்டுக்காம ஓட்டுங்கிறார். நான் மூணு விதமாவும் ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு குளிர் காலம் முழுக்க லைட்டோடயே ஓட்டினேன், அப்புறம் தனி சென்சார் செட் போட்டேன், இப்ப க்ளோன் பண்ண செட்ல, அதாவது பழைய சென்சாரோட ஐடி நம்பரையே எழுதின செட்ல ஓடுது. எது நல்லதுன்னு ஒரே வார்த்தைல கேட்டா என்கிட்ட பதில் இல்ல, உங்க கார் ஒரு புது சென்சார எப்படி அடையாளம் கண்டுக்குதுங்கிறத வெச்சுதான் பதிலே மாறும், அத பாக்காம சென்சார் விலைய மட்டும் பாத்து வாங்கிட்டு வர்றவங்கதான் கடைசில ரெண்டு தடவ செலவு பண்றாங்க.

முதல்ல உங்க வீலுக்குள்ள சென்சார் இருக்கான்னே பாத்துடுங்க. சிரிக்காதீங்க, தேவையே இல்லாத காருக்கு சென்சார் வாங்கிட்டு வந்து நின்னவங்கள பாத்திருக்கேன். டயர் பிரஷர கண்காணிக்கிற சிஸ்டத்த டிபிஎம்எஸ்னு பொதுவா சொல்றாங்க, அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு நேரடி வகை, ஒவ்வொரு வீலுக்குள்ளயும் வால்வோட ஒட்டின மாதிரி ஒரு சின்ன சென்சார் உக்காந்துக்கிட்டு காத்தோட அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து ரேடியோ சிக்னலா அனுப்பும். இன்னொண்ணு மறைமுக வகை, இதுல வீலுக்குள்ள எதுவுமே கிடையாது, ஏபிஎஸ்ஸுக்காக (பிரேக் அடிக்கிறப்ப வீல் பூட்டிக்காம பாத்துக்கிற வசதி) ஏற்கனவே இருக்கிற வீல் ஸ்பீட் சென்சார வெச்சே வேலைய முடிச்சுடுவாங்க, காத்து இறங்கின டயரோட சுத்தளவு லேசா குறையும் இல்லையா, அதனால அது மத்த டயர விட கொஞ்சம் வேகமா சுத்தும், அந்த வித்தியாசத்த கண்டுபிடிச்சு லைட்ட போடும்.

ஹோண்டா, மாஸ்டா, ஃபோக்ஸ்வாகன், ஆடின்னு நிறைய கம்பெனில மறைமுக வகை வெச்ச மாடல்கள் இருக்கு. உங்களுது அதுன்னா இந்தக் கட்டுரைய இங்கயே மூடிட்டுப் போயிடலாம், எந்த ரிம் போட்டாலும் ஒண்ணும் வாங்க வேணாம், வீல மாட்டி, டயர் குளிர்ந்திருக்கிறப்ப காத்த சரியா பிடிச்சு, அப்புறம் மெனுல போயோ பட்டன அமுக்கியோ ரீசெட் பண்ணா போதும். ஒரே ஒரு விஷயம், ரீசெட் பண்ற நேரத்துல டயர்ல என்ன காத்து இருக்கோ அதத்தான் கார் சரின்னு எடுத்துக்கும், அதனால காத்து கம்மியா இருக்கிறப்ப லைட்ட அணைக்கிறதுக்காக ரீசெட் அமுக்கினீங்கன்னா அந்தக் கம்மியையே இதுதான் சரியான அளவுன்னு அதுக்கு சொல்லிக் குடுத்த கதையாயிடும்.

எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? டேஷ்போர்ட்ல நாலு டயருக்கும் தனித்தனியா நம்பர் காட்டுதுன்னா அநேகமா நேரடி வகைதான். வால்வு மெட்டலா இருந்து அடில நட்டு போட்டிருந்தாலும் உள்ள அநேகமா சென்சார் இருக்கும், ஆனா ரப்பர் வால்வா இருக்கு அதனால இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க, ரப்பர் வால்வுல மாட்டுற சென்சாரும் உண்டு. மேனுவல்ல ரெண்டு நிமிஷம் தேடினா சந்தேகமில்லாம தெரிஞ்சுடும்.

நேரடி வகைன்னு தெரிஞ்சுடுச்சா, இப்பதான் உண்மையான கேள்வி வருது. ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஐடி நம்பர் உண்டு, காரோட கம்ப்யூட்டர் தன்கிட்ட பதிஞ்சு வெச்சிருக்கிற நாலு ஐடில வர்ற சிக்னல மட்டும்தான் காதுல வாங்கும், இல்லைன்னா ட்ராஃபிக் சிக்னல்ல பக்கத்துல நிக்குற காரோட டயர் பிரஷரெல்லாம் உங்க டேஷ்போர்ட்ல வந்து உக்காந்துடும். வேற வீல் செட் மாட்டினா வேற ஐடி, அத காருக்கு தெரிய வெக்கணும், இதத்தான் ரீலேர்ன்னு சொல்றாங்க. இது மூணு விதமா நடக்கும்.

தானா கத்துக்கிற கார் இருக்கு, வீல மாட்டி கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுட்டு ஒரு பத்து இருபது நிமிஷம் ஓட்டினா அதுவே புது ஐடிய பிடிச்சுக்கும், எந்த மூலைல எது இருக்குன்னு கூட சில கார் கண்டுபிடிச்சுடும், பென்ஸ் பிஎம்டபிள்யூ மாதிரி கார்கள்ல இது சகஜம். அடுத்தது நிறுத்தி வெச்சு கத்துக்கொடுக்கிற ரகம், ஜிஎம், ஃபோர்ட் கார்கள்ல இத நிறைய பாக்கலாம், கார கத்துக்கிற மோடுல வெச்சுட்டு ஒரு சின்ன கருவிய இடது முன் வீல் வால்வு பக்கத்துல காட்டணும், அது 125 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சிக்னல் விட்டு தூங்கிட்டு இருக்கிற சென்சார எழுப்பும், ஹாரன் ஒரு தடவ அடிக்கும், அப்புறம் வலது முன், வலது பின், இடது பின்னு சுத்தி வரணும். அஞ்சு நிமிஷ வேலை, கருவியும் பெரிய விலை கிடையாது, முதல் தடவ பண்றப்ப அந்த ஹாரன் சத்தத்துக்கு அக்கம்பக்கம் எல்லாரும் ஜன்னல்ல எட்டிப் பாப்பாங்க, அவ்ளோதான். மூணாவது ரகம்தான் தலைவலி, ஓபிடி போர்ட் (கோளாறு பாக்கிற கருவிய சொருக கார்ல இருக்கிற இடம்) வழியா ஸ்கேனர மாட்டி ஐடிய கம்ப்யூட்டருக்குள்ள எழுதணும், டொயோட்டால நிறைய மாடல் இப்படித்தான் வந்திருக்கு, வீட்ல ஸ்கேனர் இல்லைன்னா ஒவ்வொரு தடவயும் கடைக்குப் போகணும். அதே டொயோட்டா, லெக்ஸஸ்ல சில மாடல்ல ரெண்டு செட் ஐடியையும் சேத்து ஞாபகம் வெச்சுக்கிட்டு மெயின் செட், ரெண்டாவது செட்னு மாத்திக்கிற வசதியும் குடுத்திருக்காங்க, உங்க கார்ல அது இருக்கான்னு பாத்துக்கோங்க, இருந்தா அதிர்ஷ்டம்.

இந்த மூணுல உங்க கார் எதுன்னு தெரிஞ்ச பிறகு பாருங்க, பாதி குழப்பம் போயிடும்.

ரெண்டாவது செட் வீலுக்கு தனி ஐடியோட புது சென்சார் போடறது முதல் வழி. தானா கத்துக்கிற காருக்கு இதவிட நல்ல வழி கிடையாது, மாட்டினோம் ஓட்டினோம்னு முடிஞ்சுடும், கருவி வெச்சு பண்ற காருக்கும் இது ஓகே, கருவிய ஒரு தடவ வாங்கிட்டா போதும். ஓபிடி கார்னா கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு சென்சாரோட பேட்டரி அஞ்சுலேர்ந்து பத்து வருஷம் வரைக்கும் வரும், நடுவுல ஒரு ஏழு வருஷம்னு வெச்சுக்கிட்டா வருஷத்துக்கு ரெண்டு தடவ வீதம் 14 தடவ கடைல போய் ரீலேர்னுக்கு காசு குடுக்கணும். வீல நாமளே வீட்ல ஜாக்கி போட்டு மாத்திக்கலாம்னுதான் தனி ரிம்மே வாங்குறோம், கடைசில லைட்ட அணைக்கிறதுக்குன்னு அதே கடை வாசல்ல போய் வரிசைல நிக்கணும்னா அப்புறம் எதுக்கு தனி ரிம். நான் ரெண்டு வருஷம் அப்படி அலைஞ்சுட்டுதான் க்ளோனுக்கு மாறினேன்.

க்ளோன்னா என்னன்னா, ஐடிய எழுதிக்கிற வசதி இருக்கிற வெத்து சென்சார் வாங்கி அதுல உங்க ஒரிஜினல் வீல்ல இருக்கிற அதே ஐடிய எழுதிடறது. கம்பெனி ஃபிட்டிங்ல வர்ற சென்சார்ல ஐடி மாத்த முடியாது, ஆட்டல் எம்எக்ஸ் சென்சார், ஷ்ரேடர் ஈஸி சென்சார் மாதிரி வெளில விக்கிற ப்ரோக்ராம் பண்ற ரகம்தான் இதுக்கு ஆகும். கடைக்காரர் கருவிய உங்க பழைய வீல் பக்கத்துல காட்டி ஐடிய படிச்சுக்குவார், அத புது சென்சார்ல எழுதுவார், அவ்ளோதான். காருக்கு வீல் மாறினதே தெரியாது, சம்மர் வீலோ விண்டர் வீலோ அதே நாலு ஐடி வருது, அது பாட்டுக்கு காட்டும். ரீலேர்ன் இல்ல, கருவி இல்ல, கடை இல்ல, வாழ்நாள் முழுக்க ஒரே தடவ வேலை. ஓபிடி ரக கார் வெச்சிருக்கிறவங்களுக்கு கண்ண மூடிக்கிட்டு இதத்தான் சொல்வேன்.

ஆனா க்ளோன்லயும் சில வம்பு இருக்கு, அத கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. எந்த ஐடி எந்த மூலைக்குன்னு குறிச்சு வெச்சு அதே மூலைலதான் மாட்டணும், நான் முதல் தடவ குறிக்காம விட்டுட்டு, முன்னாடி இடது டயர்ல காத்து கம்மின்னு கார் சொல்லுதேன்னு அதுலயே காத்து பிடிச்சு பிடிச்சு பாத்தேன், லைட் போகவே இல்ல, கடைசில பாத்தா ஆணி ஏறினது பின்னாடி வலது டயர்ல. டயர ரொட்டேட் பண்ணாலும், அதாவது முன்ன பின்ன இடம் மாத்தி மாட்டினாலும் இதே கதைதான். இன்னொண்ணு, ஒரிஜினல் செட்ல ஒரு சென்சார் செத்துப்போய் அதுக்கு வேற ஐடியோட புதுசு போட்டுட்டீங்கன்னா விண்டர் செட்ல இருக்கிற ஜோடி அநாதையாயிடும், அதனால மாத்துறப்பவும் பழைய ஐடியையே எழுதின சென்சார்தான் வேணும்னு சொல்லி வாங்கணும்.

அப்புறம் ஒரே ஐடில ரெண்டு சென்சார் ஒரே இடத்துல இருந்தா என்ன ஆகும்னு ஒரு நாள் நேர்லயே பாத்தேன். கழட்டி வெச்ச சம்மர் வீல்ல காத்த கொஞ்சம் இறக்கி அடுக்கலாம்னு வால்வ அமுக்கிட்டு இருந்தேன், ரெண்டு அடி தள்ளி கார் ஓடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு டேஷ்போர்ட்ல காத்து இறங்குதுன்னு வார்னிங். நிறைய சென்சார் வீல் சுத்தாதப்ப தூங்கும், ஆனா அழுத்தம் சட்டுன்னு இறங்கினா எழுந்து கத்தும், அது கத்தினத கார் தன்னோட வீல்னு நினைச்சுடுச்சு. பெரிய பிரச்சனை இல்ல, காரணம் தெரிஞ்சா சிரிச்சுட்டுப் போயிடலாம், தெரியாதவங்க வண்டிய ஓரம் கட்டி நாலு டயரையும் சுத்தி சுத்தி வருவாங்க.

சென்சார் வாங்குறப்ப அலைவரிசைய பாத்து வாங்குங்க, இது ரெண்டு வழிக்கும் பொருந்தும். வட அமெரிக்க கார்கள்ல 315 மெகாஹெர்ட்ஸ் அதிகம், ஐரோப்பிய கார்கள்ல 433, ஆனா அமெரிக்கால விக்கிற கார்லயும் 433 நிறைய வருது, அதனால நாட்ட வெச்சு ஊகிக்காம காரோட மாடலையும் வருஷத்தையும் வெச்சு பாக்கணும். என் நண்பர் ஒருத்தர் ஆன்லைன்ல பாதி விலைக்கு கிடைச்சுதுன்னு நாலு சென்சார் வாங்கி டயரெல்லாம் மாட்டி பேலன்ஸிங்கும் பண்ணி முடிச்ச பிறகுதான் கார் 315, சென்சார் 433ன்னு தெரிஞ்சுது, திரும்ப நாலு டயரையும் கழட்டி மாட்டின கூலில மிச்சம் பிடிச்ச காசெல்லாம் போச்சு. டெஸ்லால புது மாடல்கள் ப்ளூடூத் சென்சாருக்கு மாறிடுச்சு, அதுக்கு பழைய ரேடியோ சென்சார் எதுவும் ஆகாது.

இப்ப எல்லாரும் ஆசையா கேக்குற வழிக்கு வருவோம், சென்சாரே போடாம விட்டா என்ன? கார் ஓடும், ஒண்ணும் ஆகாது, லைட் எரியும். அமெரிக்க விதிப்படி வர்ற கார்கள்ல ஸ்டார்ட் பண்ணதும் அந்த லைட் ஒரு நிமிஷத்துலேர்ந்து ஒன்றரை நிமிஷம் வரைக்கும் மின்னி மின்னி எரியும், அப்புறம் அப்படியே நிலையா நிக்கும், சிஸ்டத்துல கோளாறுன்னு அதுக்கு அர்த்தம். மின்னாம நேரா எரிஞ்சா காத்து கம்மின்னு அர்த்தம். இந்த வித்தியாசம் தெரிஞ்சு வெச்சுக்கிறது எல்லாருக்கும் நல்லது. சென்சார் இல்லாத வீல் போட்டா தினமும் காலைல மின்னும், ஒரு வாரத்துல கண்ணுக்கு பழகிடும், அப்புறம் அங்க ஒரு லைட் இருக்கிறதே மனசுல ஏறாது.

என்னைக் கேட்டா லைட்டோட தொல்லை ஒரு பொருட்டே இல்ல. குளிர் காலத்துலதான் டயர்ல காத்து அதிகமா இறங்கும், சரியா அந்த நாலஞ்சு மாசத்துக்குத்தான் நாம காவக்காரன வீட்டுக்கு அனுப்பிடுறோம், அங்கதான் எனக்கு இடிக்குது. 25 டிகிரி இருக்கிற ஷெட்டுக்குள்ள வெச்சு 35 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்த அளக்கிற அலகு) பிடிச்ச டயர், வெளில மைனஸ் 5 டிகிரி குளிர்ல நின்னா ஓட்டை எதுவும் இல்லாமலே கிட்டத்தட்ட 30 பிஎஸ்ஐக்கு வந்துடும், மைனஸ் 15 ஆனா 28 வாக்குல நிக்கும். அது போக நல்ல டயரே ரப்பர் வழியா மாசத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு காத்த விடும். அமெரிக்க விதில லைட் எரிய வேண்டிய அளவு கார் கம்பெனி சொன்ன அழுத்தத்துலேர்ந்து 25 சதவீதம் குறையிறப்ப, அதாவது 35 இருக்க வேண்டிய இடத்துல 26, ஐரோப்பால 20 சதவீதம், அதாவது 28. கூட்டிக் கழிச்சுப் பாத்தா பஞ்சரே ஆகாத ஒரு டயர் ரெண்டு மாசத்துல அந்த எல்லைய தொட்டுடும், பனிலயும் ஈரத்துலயும் பிடிமானம் நமக்கு ரொம்ப தேவைப்படுற நேரத்துல.

அதனால சென்சார் வேணாம்னு முடிவு பண்றவங்கள நான் திட்ட மாட்டேன், ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், உங்க வீட்ல ஒழுங்கான பிரஷர் கேஜ் இருக்கா, கடைசியா எப்ப அத கைல எடுத்தீங்க? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ காலைல வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி நாலு டயரையும் அளக்கிற ஆளா இருந்தா சென்சார் இல்லாம தாராளமா ஓட்டலாம், டிபிஎம்எஸ் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் அப்படித்தானே ஓட்டினாங்க. நான் அந்த ஒரு சீசன்ல அளப்பேன் அளப்பேன்னு சொல்லிட்டு மொத்தமா மூணு தடவதான் அளந்தேன், என் லட்சணம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. மெதுவா இறங்குற காத்த கேஜ் பிடிச்சுடும், ஓடிட்டு இருக்கிறப்ப ஆணி ஏறி அரை மணி நேரத்துல இறங்குறத எந்த கேஜும் பிடிக்காது, அதையும் யோசிச்சுக்கோங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பாக்கணும், இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கால 2000ல வந்த ட்ரெட்ங்கிற வாகனப் பாதுகாப்பு சட்டத்தோட தொடர்ச்சியா 2007 செப்டம்பர்லேர்ந்து வர்ற எல்லா புது காருக்கும் டிபிஎம்எஸ் கட்டாயம், வேலை செஞ்சுட்டு இருக்கிற பாதுகாப்பு வசதிய கடைக்காரர் தெரிஞ்சே முடக்கக் கூடாதுன்னும் விதி இருக்கு, அதனாலதான் சென்சார் இல்லாத ரிம்ம மாட்டித் தர நிறைய கடைல மறுக்கிறாங்க, பேராசைன்னு நினைச்சுடாதீங்க. வண்டிக்காரர் தன் வண்டில தானே மாட்டிக்கிட்டா அந்தத் தடை அவருக்கு பொருந்தாது. ஐரோப்பிய யூனியன்ல 2014 நவம்பர் 1லேர்ந்து விக்கிற எல்லா புது காருக்கும் கட்டாயம். பிரிட்டன்ல 2012 ஜனவரி 1லேர்ந்து ஓட ஆரம்பிச்ச கார்கள்ல டிபிஎம்எஸ் கோளாறு லைட் எரிஞ்சா எம்ஓடிங்கிற வருஷாந்திர வண்டி சோதனைல ஃபெயில், விண்டர் வீல் மாட்டியிருக்கிற மாசத்துல சோதனை வந்தா அது ஒரு வம்பு. கனடால டிபிஎம்எஸ் கட்டாயம்னு சட்டமே கிடையாது, இத்தனைக்கும் விண்டர் டயர் மாத்துறது அங்கதான் ரொம்ப அதிகம், அதனால அங்க லைட்டோட ஓடுற கார் ஏராளம்.

இன்னும் சில வழி இருக்கு, வேகமா சொல்லிடுறேன். தனி ரிம்மே வேணாம், ஒரே ரிம்ல சீசனுக்கு சீசன் டயர மட்டும் கழட்டி மாட்டிக்கலாம்னா சென்சார் பிரச்சனையே வராது, அதே சென்சார் அங்கயே இருக்கும். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவ மெஷின்ல ஏத்தி கழட்டி மாட்டி பேலன்ஸ் பண்ற கூலி போய்க்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவ டயரோட விளிம்ப ரிம்லேர்ந்து அமுக்கி விலக்கிறப்பவும் சென்சார் இருக்கிற இடம் பாத்து செய்யலைன்னா உடைஞ்சுடும், அவசரத்துல இருக்கிற ஆள் கிட்ட குடுத்தா கேக்கவே வேணாம். வருஷத்துல ஆறு வாரம்தான் குளிர்ங்கிறவங்களுக்கும், ரிம் வெக்க இடம் இல்லாதவங்களுக்கும் வேணா இது சரி. கார இன்னும் ஒரு வருஷத்துல விக்கப் போறவங்களும் இப்படியே சமாளிச்சுடலாம்.

வால்வு மூடி இடத்துல திருகுற சென்சாரும் தனி டிஸ்ப்ளேவும் சேத்து விக்கிறாங்களே, அது மோசம் இல்ல. காரோட லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், ஆனா உங்களுக்கு நம்பர் தெரியும், பேட்டரியும் நாமளே மாத்திக்கலாம். அது வெளில நீட்டிக்கிட்டு இருக்கிறதால திருட்டு போகும், ஐஸ் கட்டினா கழட்ட வராது, ரப்பர் வால்வுல கனமான மூடிய மாட்டினா வேகத்துல வால்வு வளைஞ்சு நாளடைவுல விரிசல் விடலாம், அதனால போடறதா இருந்தா மெட்டல் வால்வு போட்டுட்டு மாட்டுங்க. சென்சார் இல்லாம ஓட்டுறேன், கேஜும் எடுக்க மாட்டேன்ங்கிற ஆளுக்கு இது எவ்வளவோ மேல்.

அப்புறம் அந்த குழாய் வித்தை. நாலு சென்சாரையும் ஒரு பிவிசி குழாய்க்குள்ள போட்டு ரெண்டு பக்கமும் அடைச்சு 35 பிஎஸ்ஐ காத்து ஏத்தி டிக்கில வெச்சுடறது, கார் சந்தோஷமா நாலு டயரும் நல்லா இருக்குன்னு காட்டும். பண்ணவங்க மூளைய மெச்சணும்தான். ஆனா லைட் எரிஞ்சா கூட ஏதோ சரியில்லைன்னு தெரியும், இதுல டயர் தரையோட ஒட்டிக் கிடந்தாலும் எல்லாம் சரின்னு பச்சைப் பொய் சொல்லும், அதுவும் நீங்க இல்லாதப்ப வண்டிய எடுத்துட்டுப் போற வீட்டு ஆளுக்கு. இத மட்டும் வேணாம்.

சென்சார் போடறதுன்னு முடிவாயிட்டா வால்வு பக்கம் கொஞ்சம் கவனம் வேணும், குளிர் ஊர்ல ரோட்ல உப்பு போடுவாங்க, அலுமினிய வால்வு அந்த உப்புல அரிக்கும். சென்சார் வால்வுக்குள்ள காத்த அடைச்சு வெக்கிற சின்ன ஊசிக்கு கோர்னு பேரு, அது நிக்கல் பூசினதாத்தான் இருக்கணும், சாதா பித்தளை கோர போட்டா ரெண்டு உலோகமும் உப்புத்தண்ணில சேர்ந்து ஒண்ணோட ஒண்ணு இறுகிடும், அப்புறம் காத்து பிடிக்கவே வழி இல்லாம சென்சாரோட சேத்து தூக்கிப் போடணும். மெட்டல் மூடிக்கும் இதே கதி, பாக்க அழகா இருக்கும், ரெண்டு குளிர் காலம் போனா பிளையர் போட்டாலும் வராது, பிளாஸ்டிக் மூடி போதும். டயர் மாத்துறப்பல்லாம் வால்வோட ரப்பர் வாஷர், நட்டு, கோர், மூடி சேர்ந்த சர்வீஸ் கிட்ட மாத்தச் சொல்லுங்க, சென்சார் விலைல அது ஒரு துளிதான். குளிர்ல உப்பு நிறைய போடற ஊரா இருந்து, வேகமும் அதிகம் இல்லைன்னா, ரப்பர் வால்வு சென்சாரே வாங்கிடுங்க, அரிப்பு தொல்லை மிச்சம்.

அப்ப யாருக்கு எது? மறைமுக வகைக்கு ஒண்ணும் வேணாம்னு மேலயே சொல்லிட்டேன். தானா கத்துக்கிற காருக்கும், கருவி காட்டினா கத்துக்கிற காருக்கும் தனி ஐடி சென்சாரே போதும், க்ளோனுக்கு மெனக்கெட வேணாம், மூலை மாறினாலும் கவலை இல்ல. ஓபிடில எழுதுற காருக்கு க்ளோன், இல்ல ரெண்டு செட் ஞாபகம் வெச்சுக்கிற வசதி இருந்தா தனி ஐடி. கார இன்னும் ரெண்டு வருஷம்தான் வெச்சுக்கப் போறேன், காத்த ஒழுங்கா அளப்பேன், சட்டமும் தடுக்கலைன்னா சென்சார் இல்லாமலே ஓட்டிடுங்க. லீஸ் கார்னா திருப்பிக் குடுக்கிறப்ப ஒரிஜினல் வீலும் சென்சாரும்தான் அவங்களுக்கு வேணும், விண்டர் செட் உங்க கிட்டயே நிக்கும், அடுத்த காருக்கு அது பொருந்துமாங்கிறத இப்பவே யோசிங்க, ப்ரோக்ராம் பண்ற சென்சார்னா திரும்ப வேற காருக்கு எழுதிக்கலாம்.

கார் ஏழு எட்டு வருஷம் பழசா இருந்தா ஒரு விஷயத்த தள்ளிப் போடாதீங்க. உள்ள இருக்கிற பேட்டரிய மாத்த முடியாது, பிசின் ஊத்தி மூடி வெச்சிருப்பாங்க, தீர்ந்தா சென்சாரே புதுசுதான். குளிர் காலைல மட்டும் லைட் மின்னி, வண்டி கொஞ்சம் ஓடினதும் போயிடுதுன்னா ஏதோ ஒரு பேட்டரி கடைசி மூச்சுல இருக்கு, குளிர்ல அதோட வோல்டேஜ் விழுந்துடும். அது செத்துட்டா வால்வுகிட்ட கருவிய காட்டி ஐடிய படிக்க முடியாது, அப்புறம் ஸ்கேனர் வெச்சு கார் கம்ப்யூட்டருக்குள்ள தேடணும், இல்லைன்னா டயர கழட்டி சென்சார் மேல அச்சடிச்சிருக்கிறத பாக்கணும். அதனால க்ளோன் பண்றீங்களோ இல்லையோ, அடுத்த தடவ டயர் கடைக்குப் போறப்ப நாலு சென்சாரையும் ஒரு தடவ படிக்கச் சொல்லி எந்த மூலைல எந்த ஐடின்னு ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, கூடவே பேட்டரி நிலைமையும் நிறைய கருவில வரும், ரெண்டு மூணு பேட்டரி மோசம்னு வந்தா சம்மர் செட்டுக்கும் சேத்து எட்டு சென்சாரா அதே நாள்ல வாங்கி ஒரே ஐடில எழுதி முடிச்சுடலாம்.